பத்துப் படங்களும் இரண்டு பேட்டரிகளும்

சாட்சியும் சான்றும்: வரலாற்றுத் தொடர் – 9

சென்ற பகுதியில் சுசீந்திரத்துக் கைமுக்கைப் பார்த்தோம். குற்றம் சுமத்தப்பட்டவர் கொதிக்கிற நெய்யில் கையை விட்டு எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி வைத்து, பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண்ணாகியிருந்தால் குற்றவாளி, இல்லையென்றால் சுத்தமானவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அந்த வழக்கம் ஒழிந்தது. இன்று அதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வரும், குலையும் நடுங்கும். இப்போதுதான் தடய அறிவியல் வந்துவிட்டதே, நெய்ச்சட்டிக்கு இனி என்ன வேலை என்றும் தோன்றும். அப்படித் தோன்றுகிறவர்களுக்காகவே இந்தப் பகுதி.

எங்கள் திருவட்டாற்றில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்கு ஆதிகேசவர் என்று பெயர். சென்னைக்கு மேற்கே, ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலும் மூலவர் ஆதிகேசவப் பெருமாள்தான். அந்த ஊரில் 1991 மே 21 இரவு பத்தேகால் மணியை ஒட்டி ஒரு குண்டு வெடித்தது. தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரைச் சுற்றி நின்ற காவலர்களும் கட்சிக்காரர்களும் செத்து விழுந்தார்கள். மே மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய தமிழ்நாட்டு வாக்குப்பதிவு ஜூன் 15-க்குத் தள்ளிப்போனது. திருவட்டாறு அப்போது தனியொரு சட்டமன்றத் தொகுதி. நாடாளுமன்றத்துக்கு நாகர்கோவில் தொகுதியில் வாக்களித்தோம். அந்த அலையில் காங்கிரசின் என். டென்னிஸ் வென்றார் என்பதெல்லாம் அரசியல் வரலாறு. நமக்கு இங்கே வேண்டியது அந்த மைதானத்து மண்ணில் சிதறிக் கிடந்தவை.

முதல் ஒன்றிரண்டு நாட்கள் யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை. பூங்கொத்தில் குண்டு இருந்தது என்றார்கள். பூக்கூடையில் என்றார்கள். மேடைக்குப் போகிற வழியில் புதைத்து வைத்திருந்தார்கள் என்றும் பேச்சு. ராஜீவின் உடலையே காலில் போட்டிருந்த லோட்டோ காலணியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள் என்றால், குண்டு எங்கிருந்தது என்று அந்த இருட்டில் யார் சொல்வது?

சொன்னவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் பி. சந்திரசேகரன். அவர் பார்த்தது ஓர் இல்லாமையை. அங்கே கிடந்த உடல்களில் ஒரு பெண்ணின் தலையும் கால்களும் தனித்தனியே இருந்தன; நடு உடம்பு இல்லை. வெடிமருந்து உடம்பை ஒட்டியே இருந்தால்தான் இப்படி ஆகும். பூங்கூடையில் இருந்திருந்தால் காயத்தின் திசையே வேறு. அதோடு துணித் துணுக்குகள், மின்கம்பித் துண்டுகள், இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள எஃகுக் குண்டுமணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தை இடுப்புப் பட்டையில் வைத்துத் தைத்து, உடைக்குள் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று அவர் முடிவுக்கு வந்தார். மனித வெடிகுண்டு என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் புழக்கத்துக்கு வந்தது அந்தக் கோடையில்தான். வேறெந்தச் சான்று பிறகு ஆட்டம் கண்டாலும் இந்த முடிவை யாராலும் அசைக்க முடியவில்லை. கிடைத்த பொருளிலிருந்து நேராக எழுந்த முடிவு அது.

அடுத்தது கேமரா. இந்த வழக்கின் உயிர்நாடியே அதுதான்.

ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரர் அந்த வெடிப்பில் செத்துப்போனார். கையிலிருந்த சினான் கேமரா சிதறவில்லை. உள்ளே ஃபிலிம் சுருள் பத்திரமாக இருந்தது. கழுவிப் பார்த்தபோது பத்துப் படங்கள். ஒன்றில், கவிதை சொல்ல வந்த சிறுமி கோகிலா, அவள் தாய் லதா கண்ணன், அவர்களோடு சந்தனமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி போட்ட ஒரு பெண். அவள்தான் குண்டைக் கட்டி வந்த தணு. ஓரத்தில் வெள்ளை குர்தா பைஜாமாவில், கையில் குறிப்பேட்டோடு ஓர் ஆள். முதலில் அவரைப் பத்திரிகைக்காரர் என்றே நினைத்தார்கள். அவர்தான் கும்பலை நடத்திய ஒற்றைக்கண் சிவராசன். இன்னொரு படத்தில் பெண்கள் பகுதியில் அவர்களோடு வந்த நளினியும் சுபாவும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் படத்தில் வெடித்த கணத்தின் நெருப்பு.

ஹரிபாபு அவர்களோடு வந்தவர்தான்; கொலைக்கூட்டம் தன் வேலைக்குத் தானே படம் எடுத்து வைத்ததால் பிடிபட்டது. குற்றவியல் வரலாற்றில் இதற்கு நிகராக இன்னொன்றைத் தேடினால் கிடைப்பது கடினம். படம் எடுத்தவர் பிழைத்திருந்தால் அந்தச் சுருள் போலீஸ் கைக்கு வந்திருக்கவே வராது. சில நாட்களுக்குள் ஒரு படம் 'தி இந்து'வில் வெளியானது. அதன்பின் நாடே அந்த முகங்களைத் தேடியது.

1963-இல் டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டபோதும் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஆப்ரகாம் சப்ருடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் எடுத்த 8 மி.மீ. படம், அரை நிமிடம்கூட ஓடாது. அதைச் சட்டம் சட்டமாகப் பிரித்துப் பார்த்தும் குண்டு முன்னாலிருந்து வந்ததா பின்னாலிருந்து வந்ததா என்ற சண்டை ஓயவில்லை. 1979-இல் அமெரிக்கக் காங்கிரசின் குழு ஒன்று, போலீஸ் வயர்லெஸ் ஒலிப்பதிவை வைத்து, இரண்டாவது ஆள் சுட்டிருக்கலாம் என்றது. 1982-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் அந்த ஒலிச்சான்று செல்லாது என்று சொல்லிவிட்டது. அங்கே ஓடும் படம் இருந்தும் குழப்பம். இங்கே அசையாத பத்துப் படங்கள் போதுமானதாக இருந்தன. யார் அங்கே நின்றார்கள் என்ற கேள்விக்கு மட்டும் போதுமானதாக இருந்தன என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழு டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் அமைந்தது. சென்னை கிரீன்வேஸ் சாலையில் 'மல்லிகை' என்ற கட்டடம் அவர்களுக்கு அலுவலகம். தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன். முகங்கள் கிடைத்துவிட்டன, இனி அந்த முகங்கள் எங்கிருந்து வந்தன, எங்கே போயின என்று பார்க்க வேண்டும்.

வந்த வழி இது. மே 1 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து படகில் கோடியக்கரையில் விடுதலைப் புலிகள் ஒன்பது பேர் இறங்கினார்கள். சிவராசன், சுபா, தணு, வயர்லெஸ் இயக்க ஒருவன், இன்னும் சிலர். சென்னையில் போரூர், கொடுங்கையூர் வீடுகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. மே 7 அன்று நந்தனத்தில் வி.பி. சிங் பேசிய கூட்டத்துக்குப் போய், தலைவர் ஒருவரை எவ்வளவு பக்கம் நெருங்கலாம் என்று பார்த்துவிட்டு வந்தார்கள். மே 21 பிற்பகல் சிவராசன், தணு, சுபா, நளினி நால்வரும் பாரிமுனைக்கு வந்தார்கள். ஹரிபாபு மாலையோடும் கேமராவோடும் அங்கே காத்திருந்தார். மாலை அண்ணா சாலை பூம்புகார் விற்பனை நிலையத்தில் வாங்கியது. அதன் பில் பிறகு ஹரிபாபு வீட்டில் கிடைத்து நீதிமன்றத்தில் சான்றாக ஏறியது. ஐந்து பேரும் அரசுப் பேருந்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் போனார்கள். ஒரு நாட்டின் அரசியலைப் புரட்டிப் போட்ட கும்பல் டிக்கெட் எடுத்துப் பேருந்தில் போனது என்பதை நினைத்தால் இப்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது.

காரியம் முடிந்தால் இந்திரா காந்தி சிலைப் பக்கம் வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. சிலைக்கு வந்தது மூன்று பேர்: சிவராசன், சுபா, நளினி. ஹரிபாபு வரவில்லை. ஆட்டோ பிடித்துக் கொடுங்கையூருக்குத் திரும்பினார்கள். மே 25 அன்று திருப்பதிக்குப் போய் வந்தார்கள். ஜூன் 14 அன்று நளினியும் அவர் கணவர் முருகனும் சைதாப்பேட்டையில் பிடிபட்டார்கள். அந்த மாதக் கடைசியில் சிவராசனும் சுபாவும் டேங்கர் லாரிக்குள் ஒளிந்து பெங்களூர் போய்ச் சேர்ந்தார்கள்.

பெங்களூருக்கு வெளியே கோணனகுண்டே என்ற இடத்தில் வீட்டைச் சுற்றி வளைத்தபிறகு கமாண்டோக்கள் உடனே உள்ளே நுழையவில்லை. சயனைடுக்கு மாற்று மருந்து வர வேண்டும், மேலிடத்து அதிகாரி வர வேண்டும் என்று ஒரு நாளுக்கு மேல் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 20 காலை கதவை உடைத்தபோது உள்ளே ஏழு பிணங்கள். சிவராசன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டிருந்தான், மற்றவர்கள் சயனைடு. அன்றைக்கு ராஜீவின் பிறந்தநாள். அதற்கு முந்தைய மாதமே வேதாரண்யத்தில், கோடியக்கரைக் கடத்தல் வழிகளையெல்லாம் அறிந்த சண்முகம், போலீஸ் காவலில் இருந்தபோதே தூக்கில் தொங்கிக் கிடந்தார். தப்பி ஓடித் தற்கொலை செய்துகொண்டார் என்றது புலனாய்வுக் குழு. அப்படித்தானா என்று கேட்டவர்கள் பலர். என் கணக்கில் இந்த வழக்கின் பெரிய இழப்பு சிவராசன், சண்முகம் ஆகிய இருவரின் சாவுகள்தாம். வந்த வழியைச் சொல்ல வேண்டிய வாயும் குண்டு வந்த வழியைச் சொல்ல வேண்டிய வாயும் அடுத்தடுத்த மாதங்களில் மூடிப்போயின.

மிச்சமிருந்த வாய்களை வைத்து வழக்கை நடத்த வேண்டி வந்தது. இங்கேதான் நெய்ச்சட்டி மறுபடி அடுப்பில் ஏறுகிறது.

சாதாரணச் சட்டப்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அப்படித்தான். அடித்து வாங்குவார்கள் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15-ஆம் பிரிவு அந்த வேலியை எடுத்தது. எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி எழுதி வாங்கினால் போதும், அது சான்று. இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வாக்குமூலங்கள் அந்த வழியில்தான் வந்தன.

அவற்றில் ஒன்று பேரறிவாளனுடையது. 1991 ஜூனில் அழைத்துச் செல்லப்பட்டபோது அவருக்கு 19 வயது. மின்னணுவியலில் டிப்ளமா படித்தவர். அவர் மேல் இருந்த குற்றச்சாட்டின் நடுத்தூண் இரண்டு பேட்டரிகள். ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கி சிவராசனிடம் கொடுத்தார். இடுப்புப் பட்டைக் குண்டை இயக்கியது அவைதாம் என்பது வழக்கு. பட்டைக் குண்டுக்கு ஒன்பது வோல்ட் மின்சாரம் போதும் என்பதைத் தடயவியல் காட்டும். ஆனால் ரேடியோவுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிற அந்தப் பேட்டரியில் வாங்கியவன் பெயர் பொறித்திருக்காது. ஸ்ரீபெரும்புதூரில் வெடித்தது இந்தக் கை வாங்கியதுதான் என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. பொருளுக்கும் மனிதருக்கும் நடுவில் கிடந்த அந்த இடைவெளியை நிரப்பியது வாக்குமூலத்தில் இருந்த ஒரு வரி: எதற்கென்று தெரிந்தே கொடுத்தேன் என்ற பொருள்படும் வரி.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றப்பத்திரிகையில் 41 பேர். 12 பேர் இறந்துவிட்டார்கள். புலிகளின் தலைவர் பிரபாகரன், உளவுப் பிரிவுத் தலைவர் பொட்டு அம்மான், அகிலா மூவரும் பிடிபடவில்லை. மிஞ்சிய 26 பேருக்கும் தூக்கு. அரசுத் தரப்பில் 288 சாட்சிகளை விசாரித்த வழக்கில் ஒருவருக்கும் குறைந்த தண்டனை இல்லை! 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாகப் புரட்டியது. நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, சையத் ஷா முகமது காத்ரி. 19 பேர் விடுதலையானார்கள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்குத் தூக்கு நின்றது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கு ஆயுள். நளினிக்கு மட்டும் தூக்கு வேண்டாம் என்று தாமஸ் மாறுபட்டு எழுதினார். கணவனையும் மனைவியையும் தூக்கிலிட்டால் சிறையில் பிறந்த குழந்தை அனாதையாகிவிடும் என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விசித்திரம் உண்டு. ராஜீவைக் கொல்வதுதான் சதியின் நோக்கம், மக்களைப் பீதியில் ஆழ்த்துவது அல்ல; ஆகவே இது தடா சட்டத்தின் கீழ் வரும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது நீதிமன்றம். அப்படியானால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள்? அவை செல்லும் என்றது. கொலைக் குற்றமும் தடா குற்றமும் ஒரே விசாரணையில் சேர்த்து நடந்ததால், தடா குற்றம் நிற்காவிட்டாலும் வாக்குமூலம் நிற்கும். சட்ட நுட்பம் தெரிந்தவர்கள் இதை விளக்குவார்கள். எனக்கு, கூரையைப் பிரித்த பிறகும் அதன் நிழலில் உட்கார்ந்திருப்பது போலத்தான் படுகிறது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து 2013 நவம்பரில், பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன் பேசினார். அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் அதையே பிரமாணப் பத்திரமாகவும் கொடுத்தார். அதில் அவர் சுட்டியது ஒரு வயர்லெஸ் செய்தியை. 1991 மே 7 அன்று சிவராசன் பொட்டு அம்மானுக்கு அனுப்பியது. நோக்கம் தங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்ற கருத்து அதில் இருக்கிறது. இந்தச் செய்தி அரசுத் தரப்பே இடைமறித்துக் குறியீடு உடைத்து எடுத்த சான்று. ஒரே வழக்கில் அரசின் ஒரு சான்று அரசின் இன்னொரு சான்றை மறுக்கிறது. எழுதிய கையே 'நான் முழுதாக எழுதவில்லை' என்ற பிறகு, எதை நம்புவது?

புலனாய்வுக்காரர்கள் தரப்பிலும் ஒரு மனக்குறை உண்டு. ரகோத்தமன் தம் நூலில் எழுதியிருக்கிறார்: ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தை வீடியோவாக எடுத்திருந்தார்கள், அந்தப் பதிவு உளவுத்துறை கைக்குப் போய், புலனாய்வுக் குழுவுக்கு உரியபடி வந்து சேரவில்லை. தணு எவ்வளவு நேரமாக அங்கே காத்திருந்தாள், யார் யாரோடு நின்றாள், காவலரண் தாண்டி அவளை உள்ளே விட்டது யார் என்பதெல்லாம் அதில் தெரிந்திருக்கும் என்பது அவர் வாதம். இது அவர் சுமத்திய குற்றச்சாட்டு. எந்த நீதிமன்றமும் இதை உறுதி செய்யவில்லை. ஆனாலும் வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரியே இப்படி எழுதியதைச் சாதாரண வதந்தியோடு சேர்த்து ஒதுக்கிவிட முடியாது. பாதுகாப்புக் குறைபாடுகளை வர்மா கமிஷன் ஆராய்ந்தது, சதியின் விரிவை ஜெயின் கமிஷன் ஆராய்ந்தது. அவற்றைப் பற்றித் தனியே எழுதினால் இன்னும் நாலு பகுதி போகும். அரசியல்தான் மிஞ்சும், சான்று அதிகம் கிடைக்காது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000-இல் நளினியின் தூக்கு ஆயுளானது. 2011-இல் மற்ற மூவருக்கும் செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். அதை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற பெண் தீக்குளித்தார். சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை நிறுத்தி வைத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாக மாற்றியது. காரணம், கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலை. காரணம், தமிழ்நாடு அமைச்சரவை 2018-இல் செய்த பரிந்துரையை ஆளுநர் முடிவு செய்யாமல் இழுத்தடித்தது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரையும் விடுவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கவனியுங்கள். இரண்டு முறையும் அவர்களைக் காப்பாற்றியது தாமதம். பேட்டரி யாருடையது, வாக்குமூலம் முழுமையானதா என்ற கேள்விகளை மறுபடி திறந்து பார்க்கச் சொல்லி பேரறிவாளன் போட்ட மனுவை 2018-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. விடுதலை கிடைத்தது, அவர் குற்றவாளிதானா என்ற வினாவுக்கு மறு தீர்ப்பு கிடைக்கவில்லை. குற்றவாளி இல்லை என்று சொல்லிக்கொண்டு அவரைக் கொண்டாடுகிறவர்களும், குற்றவாளி என்று திட்டுகிறவர்களும் இந்த ஒரு உண்மையை வசதியாக மறந்துவிடுகிறார்கள். தாமஸ் மட்டும், தாம் எழுதிய தீர்ப்பாக இருந்தாலும், இத்தனை ஆண்டு சிறையில் வைத்தபிறகு தூக்கிலிடுவது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்று 2013-இலேயே சொன்னார்.

அந்த இடுப்புப் பட்டையைத் தைத்தது யார், வெடிமருந்து எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க, ஜெயின் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு பல துறைகளைச் சேர்த்து ஒரு கண்காணிப்பு முகமையை மத்திய அரசு அமைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது இருந்தது. மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு அறிக்கைகள் கொடுத்தது. 2022-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். பட்டையைச் செய்தவர் இன்னார் என்று சொல்லி இதுவரை எந்த நீதிமன்றத்திலும் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

இந்தத் தொடர் காலவரிசையில் போவதில்லை என்று தெரியும் அல்லவா? அடுத்த பகுதியில் 1809-க்குப் போகிறோம். தலக்குளத்து வேலுத்தம்பி தளவாயின் கடைசி நாட்கள், மண்ணடிக் கோவில், அங்கே கண்டெடுத்த உடல். அதைப் பற்றிக் குடும்பத்துப் பழைய ஓலையோ கடிதமோ வைத்திருக்கும் கல்குளம், விளவங்கோடு வாசகர்கள் இதழுக்கு எழுதுங்கள்.